மூளைக்காய்ச்சல் பாக்டீரியாவுக்கு ஒரு ரீகாம்பினன்ட் புரதத் தடுப்பூசி: மரபணுவிலிருந்து ஊசி வரை, முழுமையான வழிகாட்டி

பாக்டீரியாவின் ஒரு புரதத்தைத் தேர்ந்தெடுத்து, ஈ.கோலை என்ற ஆய்வக பாக்டீரியாவில் வளர்த்து, சுத்தம் செய்து, சுண்டெலிக்கு ஊசி போட்டு, எலிசாவில் (ஆன்டிபாடியை அளக்கும் சோதனை) ஆன்டிபாடி எகிறியதைக் காட்டுவதோடு பல ஆய்வேடுகள் முடிந்துவிடுகின்றன. "எனவே இது சிறந்த தடுப்பூசிக்கான புரதம்" என்று கடைசி வரி வரும். அந்த ஆன்டிபாடி பாக்டீரியாவைக் கொல்கிறதா என்ற கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்களோடு பேசும்போதெல்லாம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: உங்கள் புரதம் வேலை செய்கிறது என்று எந்தச் சோதனை சொல்லப்போகிறது? இதற்குப் பதில் தயாராக இருந்தால் மற்ற படிகள் எல்லாம் ஒவ்வொன்றாக வழிக்கு வரும். இல்லையென்றால் எத்தனை புரதம் செய்தாலும் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தெரியாது.

இதை வெறும் தத்துவமாகச் சொல்லாமல், உண்மையில் நடந்த ஒரு தடுப்பூசியை எடுத்துப் படிப்படியாகப் பார்ப்போம். மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் பாக்டீரியாவின் பி வகைக்கு எதிராக இத்தாலியின் சியெனா நகரில் உருவான, இன்று பெக்செரோ என்ற பெயரில் விற்பனையாகும் தடுப்பூசி அது. ரீகாம்பினன்ட் புரதத் தடுப்பூசியில், அதாவது ஒரு கிருமியின் மரபணுவை வேறொரு செல்லில் வைத்துச் செய்த புரதத்தாலான தடுப்பூசியில், வரக்கூடிய சிக்கல்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு கதையில் இருக்கின்றன.

படி 1: புரதம்தான் வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நெய்சீரியா மெனிஞ்ஜைட்டிடிஸ் என்ற இந்த பாக்டீரியா, பத்தில் ஒருவரின் தொண்டையிலும் மூக்கின் பின்புறத்திலும் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கக்கூடியது. எப்போதாவது ஒருவருக்கு அது ரத்தத்தில் இறங்கி, மூளை உறையைத் தாக்குகிறது. காலையில் சாதாரணக் காய்ச்சலாக இருந்த குழந்தை மறுநாள் உயிரோடு இருக்காமல் போகலாம். சிகிச்சை கிடைத்தாலும் பத்தில் ஒருவர் இறக்கிறார்கள். பிழைத்தவர்களில் சிலர் காது கேட்காமலும், கை கால் இழந்தும் வாழ்கிறார்கள்.

இதன் ஏ, சி, டபிள்யூ, ஒய் வகைகளுக்கு பாக்டீரியாவின் மேலுறையில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலியை வைத்தே தடுப்பூசி செய்தார்கள். பி வகையில் அந்த வழி அடைபட்டது. அதன் மேலுறை பாலிசயாலிக் அமிலத்தால் ஆனது. கருவில் வளரும் குழந்தையின் மூளைச் செல்களின் மேலும் இதே சங்கிலி உண்டு. அதனால் நம் உடல் அதை அந்நியனாகப் பார்ப்பதில்லை. வலிய எதிர்ப்பைத் தூண்டினாலோ, அது நம் உடலையே தாக்கும் அபாயம் இருக்கிறது.

இரண்டாவது வழி, பாக்டீரியாவின் வெளிச்சவ்விலிருந்து பிரியும் குமிழ்களை ஊசியாகப் போடுவது. கியூபாவும் நார்வேயும் செய்தன. நியூசிலாந்தில் 2004-இல் ஒரு கொள்ளைநோயை அடக்க இதையே பயன்படுத்தினார்கள், பலனும் கிடைத்தது. ஆனால் இந்தக் குமிழ்களில் நோயெதிர்ப்பு பெரும்பாலும் போர்ஏ என்ற ஒரே புரதத்தின் மீது குவிகிறது. அந்தப் புரதம் திரிபுக்குத் திரிபு மாறும். நியூசிலாந்துத் திரிபுக்குச் செய்தது இன்னொரு நாட்டில் போதுமான பாதுகாப்பு தராது.

ஆக, புரதத்தைத் தேடிப் போனது வேறு வழிகள் அடைபட்டதால்தான். உங்கள் பாக்டீரியாவுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். மேலுறைச் சர்க்கரை நன்றாக வேலை செய்யும் என்றால், அல்லது டெட்டனஸ் போல நச்சைச் செயலிழக்கச் செய்தாலே போதும் என்றால், புதிய புரதம் தேடி அலைய வேண்டியதில்லை.

படி 2: புரதத்துக்கு முன்னால் சோதனை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நிதானமாகப் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

1969-இல் கோல்ட்ஷ்னைடர், காட்ஷ்லிக், ஆர்டென்ஸ்டைன் ஆகியோர் அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த வீரர்களின் ரத்தத்தை, அவர்களுக்கு நோய் வருவதற்கு முன்பே சேமித்து வைத்து ஆராய்ந்தார்கள். பின்னால் மெனிங்கோகாக்கஸ் நோய் வந்தவர்களில் ஏறத்தாழ 5 சதவீதம் பேரின் சீரத்தில்தான் பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபாடி இருந்தது. நோய் வராதவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் அது இருந்தது. நான்கு மடங்கு நீர்த்த பிறகும் சீரம் பாக்டீரியாவைக் கொல்கிறதா என்பதே அளவுகோல் ஆனது. இந்த ஒற்றை எண் பிற்பாடு ஒரு தடுப்பூசித் துறையையே நடத்திச் சென்றது.

சோதனை பார்க்க எளிது. சீரத்தை 56 டிகிரியில் 30 நிமிடம் வைத்து அதிலுள்ள காம்ப்ளிமென்ட்டை (ஆன்டிபாடி ஒட்டிய பாக்டீரியாவைத் துளைத்துக் கொல்லும் ரத்தப் புரதங்கள்) செயலிழக்கச் செய்கிறோம். பிறகு அதைப் பாதி பாதியாக நீர்த்து, ஒவ்வொன்றிலும் உயிருள்ள பாக்டீரியாவையும் வெளியிலிருந்து காம்ப்ளிமென்ட்டையும் சேர்த்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, அகார் தட்டில் பரப்பி, மறுநாள் காலனிகளை எண்ணுகிறோம். பாதி பாக்டீரியா செத்த நீர்த்தல் எதுவோ அதுதான் டைட்டர். கவனிக்க வேண்டியது, காம்ப்ளிமென்ட் எங்கிருந்து வருகிறது என்பது. முயல் குட்டியின் காம்ப்ளிமென்ட் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் அதில் பாக்டீரியா மிகச் சுலபமாகச் சாகும். மனிதக் காம்ப்ளிமென்ட் கிடைப்பது கடினம். அதில் வரும் விடைதான் நம்பத்தக்கது. காரணத்தை எலிகளைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

இப்படி ஓர் அளவுகோல் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸுக்கு எதிராக மெர்க் நிறுவனம் ஐஎஸ்டிபி என்ற ஒரே புரதத்தை வைத்து வி710 என்ற தடுப்பூசியைச் செய்தது. விலங்குகளில் பாதுகாப்பு கிடைத்தது, மனிதர்களில் ஆன்டிபாடியும் நன்றாக உயர்ந்தது. நெஞ்சு அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த சுமார் 8,000 பேரிடம் நடந்த ட்ரையலை 2011-இல் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. தொற்று குறையவில்லை என்பது மட்டுமல்ல, ஸ்டஃப் தொற்று வந்தவர்களில் தடுப்பூசி பெற்றவர்களே அதிகம் இறந்திருந்தார்கள். எந்த ஆன்டிபாடி, எந்த வேலையைச் செய்தால் மனிதருக்குப் பாதுகாப்பு என்பது அந்த பாக்டீரியாவுக்கு இன்றுவரை உறுதியாகத் தெரியாது. ஆன்டிபாடி உயர்வதும் பாதுகாப்பும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடக் கசப்பான சாட்சி வேண்டாம்.

படி 3: மரபணுத் தொகுப்பிலிருந்து புரதங்களைப் பொறுக்குவது

சியெனாவில் ரீனோ ரப்புவோலியின் குழு, கிரெய்க் வென்டரின் மரபணு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து எம்சி58 என்ற பி வகைத் திரிபின் முழு டிஎன்ஏவையும் படித்தது. சுமார் 23 லட்சம் எழுத்துகள், 2,100-க்கு மேற்பட்ட மரபணுக்கள். 2000-ஆம் ஆண்டு சயின்ஸ் இதழில் வெளியானது. பாக்டீரியாவை வளர்த்து ஒவ்வொரு புரதமாகத் தேடும் பழைய வழியைத் தலைகீழாக்கி, கணினியில் தொடங்கி பாக்டீரியாவுக்கு வந்ததால் இதற்கு ரிவர்ஸ் வாக்சினாலஜி என்று பெயர் வந்தது.

வடிகட்டிய விதம் இது. மேற்பரப்பில் இருக்கவோ வெளியே சுரக்கவோ வாய்ப்புள்ளவை என்று கணினி சொன்னவை ஏறத்தாழ 600. அவற்றில் ஈ.கோலையில் வெற்றிகரமாகச் செய்ய முடிந்தவை சுமார் 350. சுண்டெலிச் சீரத்தை வைத்துப் பார்த்தபோது மேற்பரப்பில் இருப்பது உறுதியானவை 90 சொச்சம். பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபாடியைத் தந்தவை 28. படி 2-இல் சொன்ன சோதனை இல்லாமல் 90-ஐ 28 ஆக்கியிருக்கவே முடியாது.

இன்று இதே வேலையைச் செய்ய சிக்னல்பி, பிசார்ட்பி போன்ற மென்பொருள்கள் இலவசமாக இருக்கின்றன. பார்க்க வேண்டியவை: சிக்னல் பெப்டைட் (புரதத்தைச் செல்லின் வெளிப்புறத்துக்கு அனுப்பும் முன்பகுதி) இருக்கிறதா, லிப்போபுரதத்துக்கான (கொழுப்பு ஒட்டிய புரதம்) சிஸ்டீன் அடையாளம் இருக்கிறதா, சவ்வை ஊடுருவும் பகுதிகள் எத்தனை. மூன்று நான்கு முறைக்கு மேல் சவ்வைத் தைத்துக்கொண்டு போகும் புரதத்தை விட்டுவிடுவது நல்லது, ஈ.கோலையில் கரையும் வடிவில் கிடைப்பது அரிது. மனிதப் புரதங்களோடு ஒத்திருப்பவற்றை பிளாஸ்ட் (வரிசைகளை ஒப்பிடும் மென்பொருள்) செய்து நீக்குங்கள்.

அப்புறம், ஒரே திரிபின் மரபணுவோடு நிறுத்தாதீர்கள். நோயாளிகளிடமிருந்து எடுத்த திரிபுகள் எத்தனையில் அந்த மரபணு இருக்கிறது, எவ்வளவு மாறியிருக்கிறது, முக்கியமாக எவ்வளவு புரதம் உண்மையில் மேற்பரப்பில் வெளிப்படுகிறது என்று பாருங்கள். மரபணு இருந்தும் புரதம் சொற்பமாக இருந்தால் ஆன்டிபாடி வந்து ஒட்ட இடமிருக்காது.

சியெனா குழு கடைசியில் தேர்ந்தெடுத்தவை மூன்று முதன்மைப் புரதங்கள்: ஃபேக்டர் எச் பிணைப்புப் புரதமான எஃப்எச்பிபி, ஹெப்பரினோடு பிணையும் என்எச்பிஏ, செல்களில் ஒட்ட உதவும் நாட்ஏ. ஒன்றே போதாதா என்று தோன்றும். எஃப்எச்பிபி மூன்று பெரும் பிரிவுகளாகப் பிரிகிறது. ஒரு பிரிவுக்கு எதிரான ஆன்டிபாடி மற்றதைச் சரியாகப் பிடிப்பதில்லை. நாட்ஏ எல்லாத் திரிபுகளிலும் கிடையாது. ஒன்று தப்பினாலும் இன்னொன்று பிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் மூன்றும்.

படி 4: புரதத்தின் வடிவத்தை முடிவு செய்வது

மரபணுவை அப்படியே எடுத்து பிளாஸ்மிடில் (மரபணுவை ஈ.கோலைக்குள் கொண்டுசெல்லும் வட்ட டிஎன்ஏ) ஒட்டக் கூடாது. சிக்னல் பெப்டைடை நீக்குங்கள். லிப்போபுரதமாக இருந்தால், கொழுப்பு ஒட்டும் சிஸ்டீனை வைத்துக்கொள்வதா நீக்குவதா என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும். எஃப்எச்பிபி விஷயத்தில் இரண்டு நிறுவனங்கள் இரண்டு முடிவு எடுத்தன. ஃபைசரின் ட்ரூமென்பாவில் கொழுப்போடு கூடிய எஃப்எச்பிபி, இரண்டு துணைக் குடும்பங்களிலிருந்து தலா 60 மைக்ரோகிராம் இருக்கிறது. கொழுப்பு நோயெதிர்ப்பைக் கூடுதலாகத் தூண்டும். பதிலுக்குச் சுத்தம் செய்யும் வேலை கடினமாகும். சியெனா குழு கொழுப்பை நீக்கிவிட்டு, எஃப்எச்பிபியை ஜிஎன்ஏ2091 என்ற இன்னொரு புரதத்தோடும், என்எச்பிஏவை ஜிஎன்ஏ1030 உடனும் ஒட்டி ஒரே சங்கிலியாகச் செய்தது. ஐந்து புரதங்களுக்கு ஐந்து சுத்திகரிப்பு முறை என்பது மூன்றாகக் குறைந்தது. தொழிற்சாலைக் கணக்கில் இது பெரிய மிச்சம்.

பிளாஸ்மிடில் ஆம்பிசிலின் எதிர்ப்பு மரபணுவைத் தவிர்த்து கனமைசினைப் பயன்படுத்துங்கள். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்கள் பலர் இருப்பதால், ஆம்பிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்து (பீட்டா லாக்டம்) தொட்ட பொருளை மனிதருக்குச் செலுத்த ஒழுங்குமுறை அமைப்புகள் விரும்புவதில்லை. சுத்தம் செய்வதை எளிதாக்கப் புரதத்தின் நுனியில் ஒட்டும் ஹிஸ்டிடின் டேகைத் தேடும் கட்டத்தில் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், கடைசிப் பொருளில் அது இல்லாமல் இருப்பதே நல்லது.

படி 5: ஈ.கோலையில் வளர்ப்பதும் சுத்தம் செய்வதும்

வழக்கமாக ஈ.கோலையின் பிஎல்21 திரிபு, மரபணுவை இயக்கும் டி7 ப்ரொமோட்டர், அதை முடுக்கிவிடும் ஐபிடிஜி என்ற வேதிப்பொருள். செல் அடர்த்தியைக் காட்டும் ஓடி 0.6 தொட்டதும் ஐபிடிஜி சேர்த்து, ஒரு குடுவையை 37 டிகிரியிலும் இன்னொன்றை 18 அல்லது 20 டிகிரியில் இரவு முழுக்கவும் வளர்த்துப் பாருங்கள். செல்களை உடைத்து, மையவிலக்கில் சுற்றி, மேலே நிற்கும் திரவத்தையும் அடியில் படிந்ததையும் ஜெல்லில் பக்கத்துப் பக்கத்து லேனில் ஓட்டுங்கள். 37 டிகிரியில் உங்கள் புரதம் கன்னங்கரிய பட்டையாகத் தெரியும், ஆனால் அடிப்படிவு லேனில். மேல் திரவத்தில் நிழல்போல ஒரு கோடுதான் இருக்கும். குளிரில் வளர்த்ததில் பட்டை மெலிந்திருந்தாலும் மேல் திரவத்தில் இருக்கும். நான் எப்போதும் இரண்டாவதைத்தான் எடுப்பேன். 8 மோலார் யூரியாவில் கரைத்து மறுபடி மடிப்பது பல புரதங்களுக்குச் சாத்தியம்தான். ஆனால் பாக்டீரியாவின் மேல் புரதம் எந்த வடிவில் நிற்கிறதோ அந்த வடிவத்துக்கு எதிரான ஆன்டிபாடிதான் கொல்லும்.

நிக்கல் பிசின் நிரப்பிய குழாயில் (column) 20 மில்லிமோலார் இமிடசோலில் கழுவி, 250-இல் இறக்கி, அடுத்து அயனிப் பரிமாற்றம், தேவையானால் அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல் ஃபில்ட்ரேஷன். ஜெல்லில் ஒரே பட்டை வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள், எண்டோடாக்சின் ஜெல்லில் தெரியாது. ஈ.கோலையின் வெளிச்சவ்விலிருந்து வரும் இந்த லிப்போபாலிசாக்கரைடு தானே ஒரு வலிமையான தூண்டி. அது நிறைந்த மாதிரியை ஊசி போட்டால், சுமாரான புரதம்கூட அபாரமான ஆன்டிபாடி தரும். நீங்கள் புரதத்தைப் பாராட்டிக்கொண்டிருப்பீர்கள், வேலை செய்தது அழுக்கு. டிரைட்டன் எக்ஸ்-114 கொண்டு கழுவி, எண்டோடாக்சினை அளக்கும் எல்ஏஎல் சோதனையில் அளந்து, அந்த எண்ணைப் பதிவு செய்யுங்கள். இன்னொன்றும் வேண்டும்: வெற்று பிளாஸ்மிட் உள்ள ஈ.கோலையை இதே குழாய், இதே பஃபர் வழியாகச் சுத்தம் செய்து, அதை ஒரு தனி எலிக் குழுவுக்குப் போடுங்கள். வெறும் பஃபர் குழு மட்டும் போதாது.

படி 6: அட்ஜுவன்ட்

அட்ஜுவன்ட் என்பது நோயெதிர்ப்பைக் கூட்ட ஊசியில் சேர்க்கும் பொருள். அலுமினியம் ஹைட்ராக்சைடா, அலுமினியம் பாஸ்ஃபேட்டா என்பதைப் புரதத்தின் மின்னேற்றம் முடிவு செய்கிறது. ஹைட்ராக்சைடின் சமநிலைப் பிஎச் சுமார் 11, அதனால் உடலின் பிஎச்சில் அது நேர்மின் தன்மையோடு, அமிலப் புரதங்களைப் பிடித்துக்கொள்ளும். பாஸ்ஃபேட்டுக்கு அது சுமார் 5, காரப் புரதங்களைப் பிடிக்கும். கலந்து, சுற்றி, மேல் திரவத்தில் எவ்வளவு புரதம் மிஞ்சியது என்று அளந்தால் போதும்.

2006-இல் சியெனா குழு வெளியிட்ட முடிவில், இந்தப் புரதங்களை அலுமினியம் ஹைட்ராக்சைடோடு கொடுத்தபோது 85 திரிபுகளில் 78 சதவீதத்தைச் சுண்டெலிச் சீரம் கொன்றது. சிபிஜி அல்லது எம்எஃப்59 அட்ஜுவன்ட்டோடு அது 90 சதவீதம் ஆனது. அப்படியும் மனிதருக்கான மருந்தில் அலுமினியத்தையே வைத்தார்கள். கூடவே நியூசிலாந்துத் தடுப்பூசியின் வெளிச்சவ்வுக் குமிழ்களையும் சேர்த்தார்கள். ஒரு தவணையில் மூன்று புரதங்களும் தலா 50 மைக்ரோகிராம், குமிழ்கள் 25 மைக்ரோகிராம், அலுமினியம் 0.5 மில்லிகிராம்.

அலுமினியம் உள்ள எதையும் உறையவிடக் கூடாது. ஒருமுறை உறைந்தால் துகள்கள் கட்டிப்போய், திரும்பப் பழைய நிலைக்கு வராது. 2 முதல் 8 டிகிரிக்குள்தான் வைக்க வேண்டும்.

படி 7: விலங்குகள் சொல்வதும் சொல்லாததும்

இந்தியாவில் இந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழு, விலங்கு நெறிமுறைக் குழு இரண்டின் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். சுண்டெலிக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் புரதம், மூன்று தவணை, கடைசித் தவணைக்கு இரண்டு வாரம் கழித்து ரத்தம் என்பது பரவலான முறை. சீரத்தை எலிசாவில் பாருங்கள், உயிருள்ள பாக்டீரியாவின் மேல் ஒட்டுகிறதா என்று ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் முறை) பாருங்கள், பிறகு கொல்திறன் சோதனை. அந்த மரபணுவையே நீக்கிய திரிபையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீக்கிய திரிபையும் உங்கள் சீரம் கொன்றால், கொன்றது உங்கள் புரதத்துக்கான ஆன்டிபாடி இல்லை.

இப்போது அந்தக் காம்ப்ளிமென்ட் விஷயம். ஃபேக்டர் எச் என்பது நம் செல்களை நம் காம்ப்ளிமென்ட்டே தாக்காமல் காக்கும் ரத்தப் புரதம். மெனிங்கோகாக்கஸ் எஃப்எச்பிபி மூலம் அதைப் பிடித்துத் தன்மேல் போர்த்திக்கொண்டு தப்பிக்கிறது. ஆனால் அது பிடிப்பது மனித ஃபேக்டர் எச்சைத்தான். எலியுடையதையோ முயலுடையதையோ அல்ல. அதனால்தான் முயல் காம்ப்ளிமென்ட்டில் பாக்டீரியா சுலபமாகச் சாகிறது. தடுப்பூசியிலும் இதே சிக்கல் வருகிறது. மனித உடலில் ஊசி போட்ட எஃப்எச்பிபியின் மேல் உடனே நம் ஃபேக்டர் எச் வந்து ஒட்டி, முக்கியமான பகுதியை மறைத்துவிடலாம். எலியில் அது நடக்காது, விடை அழகாக வரும். அமெரிக்காவின் ஓக்லாண்டில் பீட்டர் கிரானாஃபின் குழு மனித ஃபேக்டர் எச் உள்ள மரபணு மாற்றிய எலிகளில் இதைச் சோதித்தது. அந்த எலிகளில் கொல்திறன் குறைந்தது. எஃப்எச்பிபியில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை, 41-ஆம் இடத்து ஆர்ஜினினை செரினாக மாற்றி, ஃபேக்டர் எச் ஒட்டாதபடி செய்தபோது கொல்திறன் கூடியது. மனிதப் புரதத்தோடு பிணையும் எந்தத் தடுப்பூசிப் புரதத்தை (ஆன்டிஜென்) எடுத்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

படி 8: ஆய்வகத்திலிருந்து தொழிற்சாலைக்கு

விதைநெல் போல, எல்லா உற்பத்தியும் ஒரே மாஸ்டர் செல் பேங்க்கிலிருந்து வர வேண்டும். அதிலிருந்து வேலைக்கான செல் பேங்க். பல தலைமுறைக்குப் பிறகும் பிளாஸ்மிட் நிலைத்திருக்கிறதா, ஈ.கோலைப் புரதமும் டிஎன்ஏவும் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன, எண்டோடாக்சின் எவ்வளவு, மாதங்கள் கழிந்தும் புரதம் உடையாமல் இருக்கிறதா, ஒவ்வொரு பேட்சும் அதே வீரியத்தோடு இருக்கிறதா என்று எல்லாவற்றுக்கும் ஆவணம் வேண்டும். விலங்குகளில் நச்சுத்தன்மைச் சோதனையை முறைப்படி முடித்த பிறகே மனித ட்ரையலுக்கு விண்ணப்பிக்கலாம். இந்தியாவில் அது 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் கிளினிக்கல் ட்ரையல் விதிகளின் கீழ் வருகிறது.

படி 9: மனிதர்களிடம்

முதல் கட்டம் பாதுகாப்பு, இரண்டாம் கட்டம் அளவும் தவணையும், மூன்றாம் கட்டம் பெரிய எண்ணிக்கை என்பது எல்லோரும் அறிந்ததுதான். மெனிங்கோகாக்கஸ் பியில் மூன்றாம் கட்டம் வேறு மாதிரி போனது. நோய் அவ்வளவு அரிதாக இருப்பதால், தடுப்பூசி பெற்றவர், பெறாதவர் இருவரிலும் எத்தனை பேருக்கு நோய் வந்தது என்று ஒப்பிட வேண்டுமென்றால் லட்சக்கணக்கானோர் தேவைப்படுவார்கள். ஆகவே மனிதக் காம்ப்ளிமென்ட் கொண்ட கொல்திறன் சோதனையை வைத்தே உரிமம் கொடுத்தார்கள். 2013 ஜனவரியில் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. 1969-இன் ராணுவ வீரர்களின் சீரம் இங்கேதான் பலன் தந்தது.

2015 செப்டம்பரில் பிரிட்டன் இதை எல்லாக் குழந்தைகளுக்கும் 2, 4, 12 மாதங்களில் போடத் தொடங்கியது. மற்ற ஊசிகளோடு சேர்த்துப் போட்டால் காய்ச்சல் அதிகம் வந்ததால், கூடவே பாராசிட்டமால் கொடுக்கும்படி பெற்றோருக்குச் சொன்னார்கள். முதல் பத்து மாதங்களில் இரண்டு தவணைக்குப் பலன் 82.9 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். நோயாளிகள் எண்ணிக்கை குறைவு என்பதால் அந்த எண்ணின் நம்பக வரம்பு 24 முதல் 95 வரை இருந்தது. மூன்று ஆண்டுத் தரவு வந்தபோது, தடுப்பூசிக்கு உரிய வயதுக் குழந்தைகளில் பி வகை நோய் எதிர்பார்த்ததைவிட 75 சதவீதம் குறைந்திருந்தது.

உரிமத்துக்குப் பிறகும் இரண்டு கேள்விகள் பாக்கி இருந்தன. தொண்டையில் பாக்டீரியா குடியிருப்பதை இது தடுக்குமா? தெற்கு ஆஸ்திரேலியாவில் சுமார் 35,000 பள்ளி மாணவர்களிடம் பார்த்தார்கள்; தடுக்கவில்லை. ஆகவே ஊசி போட்டவருக்குத்தான் பாதுகாப்பு, போடாதவருக்கு அதனால் பலன் வராது. திட்டமிடும் அரசுக்கு இது முக்கியமான தகவல். இரண்டாவது, யாரும் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. நியூசிலாந்தில் பழைய குமிழ்த் தடுப்பூசி பெற்ற இளைஞர்களிடம் கொனோரியா 31 சதவீதம் குறைவாக இருந்ததாக 2017-இல் ஓர் ஆய்வு சொன்னது. கொனோரியாவை உண்டாக்குவது இதே நெய்சீரியா குடும்பத்து பாக்டீரியா, மேற்பரப்புப் புரதங்கள் பலவும் நெருங்கியவை. அந்தக் குமிழ்கள் பெக்செரோவிலும் இருப்பதால், 2025 ஆகஸ்டிலிருந்து இங்கிலாந்து அதிக ஆபத்தில் இருப்பவர்களுக்கு கொனோரியாவைத் தடுக்கவும் இதே ஊசியைப் போடத் தொடங்கியிருக்கிறது. மெனிங்கோகாக்கஸுக்கு 1969-இல் கிடைத்தது போன்ற ஓர் அளவுகோல் கொனோரியாவுக்கு இன்னும் அமையவில்லை. அங்கே முதல் வேலை அதுதான்.